1660 சூப்பரை மாற்றலாமா, இன்னும் ஓட்டலாமா?

பாவுநூல் (சோமனூர்)
வெள்ளி, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளாக வந்து படித்துவிட்டுப் போகிறவன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

2020 கடைசியில் சேர்த்த சிஸ்டம். ஐ5-9400எஃப் பிராசஸர், பி365 போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே குச்சி, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, 80 பிளஸ் புரோன்ஸ் தரம்), 1080பி 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். வார நாளில் கூட்டாளிகளோடு கவுண்டர்-ஸ்டிரைக் 2, ஞாயிற்றுக்கிழமை சைபர்பங்க் 2077. வேறு பெரிதாக எதுவும் ஆடுவதில்லை.

தொல்லை இதுதான். சைபர்பங்க் ஆரம்பிக்கும்போது 60க்குப் பக்கத்தில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) வருகிறது. அரை மணி நேரம் போனால் 35, 38 என்று இறங்கி, கார் ஓட்டும்போது திக்கித் திக்கி நிற்கிறது. கவுண்டர்-ஸ்டிரைக்கில் எவனாவது புகைக்குண்டு போட்டால் போச்சு, சுடுவதற்குள் செத்துவிடுகிறேன்.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. தீபாவளி போனஸில் 30 ஆயிரம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். புதுக் கார்டு ஆர்டிஎக்ஸ் 5060 வாங்கிவிடலாம் என்று மனசு அடித்துக்கொள்கிறது. அப்பாவோ, "ஓடற தறிக்கு எதுக்குடா மோட்டார் மாத்தற" என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

காங்கேயம்_காளை
வெள்ளி, இரவு 10.52

யோசிக்கவே வேண்டாம் பங்காளி. வாங்குவதுதான் வாங்குகிறாய், 5060ல் சொந்த மெமரி 8 ஜிபிதான். கூடக் கொஞ்சம் போட்டு 5060 டிஐ 16 ஜிபி எடுத்துவிடு. அஞ்சு வருஷத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

நொய்யல்கரை (கோவை)
வெள்ளி, இரவு 11.15

காளை, ஊரான் வீட்டு நெய்யே கணக்காக அடுத்தவர் போனஸை அள்ளி ஊற்றாதீங்க.

பாவுநூல் தம்பி, நீங்கள் சொன்னதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. ஆரம்பத்தில் 60, அரை மணியில் 35. அது சக்தி பத்தாத கார்டின் கதை இல்லை. சக்தி பத்தாத கார்டு முதல் நிமிஷத்திலிருந்தே பத்தாமல்தான் இருக்கும். நேரம் போகப் போகச் சோர்கிறது என்றால் சூடு என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு, ஆடும்போதே திரை மூலையில் நாலு எண் தெரிகிற மாதிரி வையுங்க: கார்டின் சூடு, கார்டின் கிளாக் (ஓடும் வேகம், மெகாஹெர்ட்ஸில்), கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, பிராசஸர் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது. அரை மணி ஆடிவிட்டு எழுதுங்க. அதுவரைக்கும் கடைப்பக்கம் போக வேண்டாம்.

பாவுநூல்
சனி, காலை 6.50

ராத்திரியே பார்த்துவிட்டேன் அண்ணா. முதல் அஞ்சு நிமிஷம் கிளாக் 1875, சூடு 74. கால் மணியில் 87 டிகிரி. அப்புறம் சூடு ஏறவில்லை, கிளாக் இறங்குகிறது: 1600, 1450, கடைசியில் 1300க்கும் கீழே. ஃபேன் நூறு சதவீதத்தில் சுற்றி, சாமி ஊர்வலத்துக்கு ஜெனரேட்டர் போட்ட மாதிரி சத்தம்.

நொய்யல்கரை
சனி, காலை 7.20

அதேதான். இந்தக் கார்டுக்கு என்விடியா சொல்லும் சூட்டு எல்லை 88. அதைத் தொடாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கார்டில் மூன்றில் ஒரு பங்கு வேகம் சூட்டிலேயே போகிறது.

சோமனூர் என்று போட்டிருக்கீங்க. தறிக்கூடம் வீட்டுக்கு எத்தனை தூரம்?

பாவுநூல்
சனி, காலை 7.31

தூரமா? என் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சன்னல்தானுங்க. 8 தறி ஓடுது.

நொய்யல்கரை
சனி, காலை 7.40

சரி, இனி நான் பேசவே வேண்டியதில்லை, கார்டுக்குள் பஞ்சு அடைந்திருக்கும். நாளைக்குக் கழற்றுங்க. கார்டை வாங்கி அஞ்சு வருஷம் ஆகிவிட்டதால் வாரண்டி போகுமே என்ற கவலை இல்லை. மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியையும் ஃபேனையும் எடுத்தால் உள்ளே அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்கும். தறி ஊதுகிற புளோயர் இருந்தால் அதுவே போதும், ஆனால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்க. காற்றில் கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போய்விடும். அந்தத் தகடுத் தொகுதியையும் (ஹீட்சிங்க்) கழற்றினால், சில்லுக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக ஒரு சொட்டு வைக்கணும், அரிசி அளவு. மெமரி சில்லுகள் மேல் ஒட்டியிருக்கும் பட்டைகள் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்க.

மஞ்சள்மண்டி (ஈரோடு)
சனி, பகல் 12.05

இது சூட்டோடு முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. சைபர்பங்க் சரியாகும், கவுண்டர்-ஸ்டிரைக் சரியாகாது. என் கதையைச் சொல்கிறேன்.

என்னிடம் ஐ3-10100எஃப், 1650, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருந்தது. 4060 வந்த வருஷம், 2023 தீபாவளிக்கு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கிப் போட்டேன். கதை சொல்லும் கேம் எல்லாம் கண் குளிர ஓடியது, மறுக்கவில்லை. கவுண்டர்-ஸ்டிரைக்கில் மட்டும் ஒரு மசுரும் மாறவில்லை (மன்னிக்கணும், அன்றைக்கு வந்த கோபம் அப்படி). புதுக் கார்டு பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது, பிராசஸர் மூச்சு வாங்கியது. அதோடு 60 ஹெர்ட்ஸ் திரை, நொடிக்கு 60 படத்துக்கு மேல் அது காட்டப்போவதும் இல்லை.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்க தம்பி. கேமின் ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்க. எஃப்பிஎஸ் ஏறினால் கார்டுதான் முட்டுக்கட்டை. அப்படியே நின்றால் பிராசஸர். புள்ளிகளைக் குறைத்தால் கார்டுக்குத்தான் சுமை குறையும், பிராசஸருக்கு அதே கணக்குதான்.

அப்புறம், ரேம் ஒரே குச்சி என்று போட்டிருக்கீங்களே, அதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது.

காங்கேயம்_காளை
சனி, பகல் 12.30

அக்கா சொல்வது சரிதான், ஆனால் ஒன்றை எல்லாரும் மறந்துவிட்டீங்க. இப்போது வரும் கேம்களில் சில 1660ல் ஓடவே ஓடாது. குறைந்த செட்டிங்கில் ஓட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ், ரெண்டுக்கும் ரே டிரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் கட்டாயம். 1660 சூப்பர் என்விடியாவின் டூரிங் குடும்பம்தான், ஆனால் அதில் அந்தக் கணக்குப் போடும் ஆர்டி கோர் கிடையாது. குறைந்த புள்ளியில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ்ஸும் கிடையாது. எத்தனை பஞ்சு எடுத்தாலும் அது வந்துவிடுமா?

நொய்யல்கரை
சனி, பகல் 1.10

வராது. இது நியாயமான பேச்சு காளை, ஒத்துக்கொள்கிறேன். தம்பி அந்த ரெண்டு கேமும் ஆடணும் என்று சொல்லியிருந்தால் நானே வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஆழியாறு (பொள்ளாச்சி)
சனி, மாலை 4.45

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். என்னிடம் ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, 2017ல் வாங்கியது. அதற்கு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) நிறுத்திவிட்டார்கள் என்கிறார்களே, இனி கார்டு வேலை செய்யாதா?

லாரிப்பட்டறை (நாமக்கல்)
சனி, மாலை 5.20

வேலை செய்யும், பயப்படாதீங்க. 900, 10 வரிசைக் கார்டுகளுக்குப் புதுக் கேமுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 2028 அக்டோபர் வரை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். பழைய கேம் எல்லாம் பழையபடி ஓடும். பாவுநூலுடைய 1660க்கு இந்தக் கவலை இப்போது இல்லை, அது அடுத்த தலைமுறை.

பாவுநூல்
ஞாயிறு, பகல் 11.30

கழற்றினேன். போட்டோ போடத் தெரியவில்லை, எழுதியே காட்டுகிறேன்.

ஃபேனை எடுத்ததும் உள்ளே தகடே தெரியவில்லை. வெள்ளையாக, நடுவில் லேசாகச் சாம்பல் ஏறி, மெத்தை தைத்து வைத்த மாதிரி இருந்தது. ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தேன், ஒரே துண்டாக உரிந்து வந்தது. என் உள்ளங்கை அளவு. அடிப்பக்கத்தில் தகட்டு இடுக்குகளின் அச்சு கோடு கோடாக அப்படியே விழுந்திருக்கிறது. அப்பா கையில் வாங்கி, ஒரு முனையைத் திரித்துப் பார்த்துவிட்டு, "நாற்பதாம் நம்பர், போன வருஷம் ஓட்டின பாவு" என்றார். அம்மா விளக்குத் திரிக்கு ஆகுமா என்று கேட்டார்.

பழைய பேஸ்ட் காய்ந்து திருநீறு மாதிரி உதிர்ந்தது. புதுசு வைத்து மூடிவிட்டேன். சைபர்பங்க் ஒரு மணி நேரம் ஓடியது: 71 டிகிரி, கிளாக் 1850ஐ விட்டு இறங்கவில்லை, எஃப்பிஎஸ் 55லிருந்து 60. ஃபேன் சத்தமே காணோம், முதலில் அது சுற்றவில்லையோ என்று பயந்துவிட்டேன்.

ஆனால் அக்கா சொன்னதுதான் நடந்தது. கவுண்டர்-ஸ்டிரைக்கில் 1080பியில் 110, புகைக்குள் 60. 720பியிலும் அதே 110, அதே 60. கார்டு 55 சதவீதம், பிராசஸர் 95க்கு மேல். ரேம் 8ல் 7.4 நிறைந்து கிடக்கிறது.

மஞ்சள்மண்டி
ஞாயிறு, பகல் 11.52

திரியாக்கிவிடாதீங்க, கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டணும்.

லாரிப்பட்டறை
ஞாயிறு, பகல் 2.15

தம்பி, முதல் செலவு ரேம்தான். இருக்கிற குச்சிக்கு ஜோடியாக இன்னொரு 8 ஜிபி, டிடிஆர்4 2666. ஒரே குச்சி என்றால் பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவில் ஒற்றை வழிச் சாலை. ரெண்டு குச்சியைச் சரியான குழிகளில் போட்டால் அது இரட்டை வழி. போர்டில் ஒன்று விட்டு ஒன்றுதான் பெரும்பாலும் ஜோடிக்குழி, புத்தகத்தைப் பார்த்துப் போடுங்க. பக்கத்துப் பக்கத்தில் செருகிவிட்டு வேகம் வரவில்லை என்று வருவார்கள், எங்கள் ஊரிலேயே நாலு பேர் வந்திருக்கிறார்கள்.

ஒரே கெரகம், ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டு போவதால் ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. புதுசு வாங்கினால் வயிறு எரியும். ஆபீசில் ஓரம் கட்டிய கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் விசாரியுங்க.

ரேம் போட்டும் பத்தவில்லை என்றால் போர்டை மாற்றாமலே பழைய ஐ7-9700 ஒன்றைத் தேடுங்க. உங்களுடையது 6 கோர், அது 8 கோர், இதே குழியில் உட்காரும். போர்டின் பயாஸ் (உள்ளே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அதை ஏற்குமா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்க.

கொசுவலை_கரூர்
ஞாயிறு, மாலை 6.00

கார்டு வாங்கியே தீரணும் என்றால் செகண்ட்ஸில் 3060 12 ஜிபி பாருங்க. புது 8 ஜிபி கார்டுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த காசில் கிடைக்கும். நான் வாங்கி விற்கிற ஆள்தான், என்னிடம் இப்போது சரக்கு இல்லை, அதனால் வாய்விட்டே சொல்கிறேன்.

காங்கேயம்_காளை
ஞாயிறு, மாலை 6.12

எல்லாம் கிரிப்டோ நாணயம் தோண்டும் மைனிங்கில் போட்டு வதக்கியதாக இருக்கும். அதற்குப் பதில் இன்டெல் ஆர்க் பி580 புதுசாகவே 12 ஜிபி வருகிறது.

நொய்யல்கரை
ஞாயிறு, இரவு 8.30

பி580 நல்ல கார்டு, இந்தச் சிஸ்டத்துக்கு ஆகாது. அதற்கு ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே தடவையில் எட்டும் வசதி) வேண்டும், இன்டெல் பக்கம் பத்தாம் தலைமுறையிலிருந்துதான் ஆதரவு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். தம்பியுடையது ஒன்பது. பழைய பிராசஸரோடு போட்டால் அதன் டிரைவர் பிராசஸரை எச்சாகவே பிழிகிறது என்பதும் வந்த கொஞ்ச நாளிலேயே வெளியான சேதி.

5060ஐப் பற்றியும் ஒன்று சொல்லணும், கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அது போர்டோடு பேசுவதற்கு 8 பாதைதான் வைத்திருக்கிறது. போர்டில் கார்டு செருகும் இணைப்பு பிசிஐஇ 5 என்றால் அந்த எட்டே தாராளம். தம்பியின் போர்டு பிசிஐஇ 3. அங்கே 8 பாதை என்றால் நொடிக்குச் சுமார் 8 ஜிபிதான் போகும். கார்டின் சொந்த மெமரிக்குள் கேம் அடங்கும் வரைக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 8 ஜிபி நிரம்பி வழிந்து, ரேமுக்கும் கார்டுக்கும் போக்குவரத்து ஆரம்பிக்கிற நேரம்தான் சந்து அடைத்துக்கொள்ளும். 3060 12 ஜிபிக்கு முழு 16 பாதை, நிரம்புவதும் அவ்வளவு சீக்கிரம் இல்லை. 2021ல் வந்த கார்டு, வேகத்தில் 5060க்குப் பின்னால்தான். ஆனால் இந்தப் பழைய போர்டுக்கு ஜாதகப் பொருத்தம் அதற்குத்தான்.

கொசுவலை_கரூர்
ஞாயிறு, இரவு 9.05

காளைக்குப் பதில்: மைனிங் கார்டா இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எத்திரியம் நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங்கையே விட்டுவிட்டது, அன்றைக்குக் கொட்டிய கார்டுகள் இதற்குள் ரெண்டு மூன்று கை மாறியிருக்கும். நான் பார்ப்பது வேறு. திருகு மேல் ஸ்டிக்கர் கிழிந்திருக்கா, பில்லில் உள்ள சீரியல் நம்பரும் கார்டில் உள்ளதும் ஒன்றுதானா, ஃபேனைக் கையால் ஆட்டினால் ஆடுதா, பின்தகட்டில் எண்ணெய் கசிந்த கறை இருக்கா. அப்புறம் விற்கிறவர் வீட்டிலேயே ஒரு அரை மணி ஓட்டிப் பார்க்கணும். "நேரமில்லைங்க, கொரியரில் அனுப்பிவிடுகிறேன்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடணும். போன வருஷம் இந்தக் கடைசி விஷயத்தில் நானே ஏமாந்தேன். வெளியூர்ச் சரக்கு, வந்து இறங்கியபோது திரையில் கலர் கலராகக் கோலம்.

ஆழியாறு
ஞாயிறு, இரவு 9.20

புதுக் கார்டு போட்டால் கரண்ட் பில் எகிறுமா? எங்கள் வீட்டில் ரெண்டு மாசத்துக்கு 490 யூனிட் வருகிறது, 500ஐத் தாண்டினால் கணக்கே மாறிவிடுமே.

லாரிப்பட்டறை
ஞாயிறு, இரவு 9.41

உங்கள் 1060 120 வாட், 1660 சூப்பர் 125, 5060 145, 3060 170. நீங்கள் 3060 போட்டால் 50 வாட் கூடுதல். தினம் 3 மணி நேரம், 60 நாள் என்றால் 9 யூனிட். 490ல் நிற்கிற உங்களுக்கு 499. அந்த மாசம் ஒரம்பரை வந்து நாலு நாள் தங்காமல் பார்த்துக்கொள்ளுங்க.

காங்கேயம்_காளை
ஞாயிறு, இரவு 9.44

பாவுநூலுக்கு என்ன கவலை, விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1000 யூனிட் இலவசம். கூடத்திலிருந்து ஒரு ஒயரை இழுத்து விடு.

பாவுநூல்
ஞாயிறு, இரவு 9.58

அண்ணா, அது தறிக்குக் கொடுத்த இணைப்பு. வீட்டுக்கு இழுத்தால் அபராதம் ஈபிகாரர் போடுவதற்கு முன்னால் அப்பா போட்டுவிடுவார்.

இன்னொன்று கேட்க மறந்தேன். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது. செருப்புப் போட்டிருந்தால் தெரிவதில்லை. பழகிவிட்டது, அதனால்தான் சொல்லவில்லை.

நொய்யல்கரை
ஞாயிறு, இரவு 10.10

கார்டு பேச்சை இங்கே நிறுத்துங்க எல்லாரும். தம்பி, எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் ஃபில்டர் கொஞ்சம் கரண்டை எர்த்துக்கு அனுப்பும்படிதான் வடிவமைப்பு. எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போகும், இல்லாவிட்டால் கேபினெட்டில் நிற்கும், நீங்கள் தொட்டால் உங்கள் வழியாகப் போகும். மூன்று முள் பிளக்கில் முள்ளை ஒடித்துவிட்டோ ரெண்டு முள் அடாப்டர் போட்டோ வைத்திருக்கீங்களா? அதை முதலில் தூக்கி எறியுங்க. ஒயர்மேனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்க. உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றி எத்தனை வருஷம் ஆச்சோ. 30 ஆயிரத்துக் கார்டை எர்த் இல்லாத வீட்டில், தறி மோட்டார் ஓடி நின்று வோல்டேஜ் ஏறி இறங்குகிற லைனில் மாட்டச் சொல்ல எனக்கு மனசு வராது.

யுபிஎஸ் என்ன? 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். இப்போது உங்கள் சிஸ்டம் ஆடும்போது 250 பக்கம் இழுக்கும். 3060 என்றால் 300, மானிட்டர் தனி. பேட்டரி பழசு என்றால் கரண்ட் போன நொடியிலேயே கீ என்று கத்திவிட்டுப் படுத்துவிடும்.

பாவுநூல்
மறு வாரம், சனி இரவு 9.15

தாமதத்துக்கு மன்னிக்கணும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ரெண்டு முள் அடாப்டர்தான், கையும் களவுமாகப் பிடித்துவிட்டீங்க. ஒயர்மேன் வந்து பார்த்தார், எர்த் கம்பி குழிக்குப் போகிற இடத்தில் துருப்பிடித்து அறுந்து கிடந்தது. எப்போது அறுந்ததோ. மாற்றியாச்சு. இப்போது கேபினெட்டில் டெஸ்டர் வைத்தால் எரிவதில்லை.

மாமா பையன் ஆபீசில் கழித்துவிட்ட மெஷினிலிருந்து 8 ஜிபி குச்சி ஒன்று கிடைத்தது, காசு வாங்க மாட்டேன் என்றான், அன்னபூர்ணாவில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். ஒன்று விட்டு ஒன்று போட்டேன். கவுண்டர்-ஸ்டிரைக்கில் 110 இருந்தது 135 ஆச்சு. முக்கியமாகப் புகைக்குள் 60 இருந்தது 85. என் திரையே 75 ஹெர்ட்ஸ்தான், இதற்கு மேல் எதற்கு என்று இருக்கிறது. சாவது மட்டும் நிற்கவில்லை, அது கார்டின் குற்றம் இல்லை போல.

கார்டு வாங்கவில்லைங்க. 900 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்கினேன். மீதி இருக்கிறது. எப்போதாவது போர்டு, பிராசஸர் எல்லாம் சேர்த்து மாற்றும்போது கார்டையும் அதோடு பார்த்துக்கொள்கிறேன்.

காங்கேயம்_காளை
சனி, இரவு 9.22

மீதியை வைத்து ஒரு 165 ஹெர்ட்ஸ் மானிட்டராவது வாங்கு பங்காளி. 135 வருகிறது, 75 பார்க்கிறாய். பாதிச் சோறு சட்டியிலேயே கிடக்குது.

மஞ்சள்மண்டி
சனி, இரவு 9.30

இந்த இழையிலேயே காளை சொன்னதில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான்.

கொசுவலை_கரூர்
சனி, இரவு 9.48

பஞ்சுக்கு ஒரு வழி சொல்கிறேன். எங்கள் ஊர்ச் சரக்கு, கொசுவலை. கேபினெட்டில் காற்று உள்ளே போகிற பக்கம் மட்டும் ஒரு மடிப்பு வெட்டி ஒட்டிவிடுங்க, ரெண்டு மடிப்பு வேண்டாம், காற்று அடைக்கும். வாரம் ஒரு தடவை கையால் வழித்து எறிந்தால் போதும்.

அப்புறம், அந்த 1660ஐ விற்கிற எண்ணம் இருந்தால் சொல்லுங்க, பாலக்கரையில் ஒரு பையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

பாவுநூல்
சனி, இரவு 10.05

வலையை இன்றைக்கே ஒட்டிவிட்டேனுங்க, வீட்டில் பழையது கிடந்தது. கார்டு கொடுக்கிற மாதிரி இல்லை. பையனிடம் விசாரித்ததாகச் சொல்லுங்க.